முரசு நோயும் விறைப்புக் குறைவும்: சேர்ந்து வந்தால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம், வயது 43. பல் தீட்டும்போது முரசிலிருந்து (ஈறிலிருந்து) இரத்தம் வருகிறது, வாய் மணக்கிறது, வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. சில மாதங்களாக விறைப்புச் சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. முரசு நோயால்தான் ஆண்மைக் குறைவு வருகிறது, பல்லைக் கிளீன் பண்ணினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். உண்மையா?

பாதி உண்மை. முரசு நோய் உள்ள ஆண்களிடம் விறைப்புக் குறைவு கூடுதலாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் பல்லைக் கிளீன் பண்ணினாலே போதும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாற்பதைத் தாண்டியவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தலைகாட்டினால் முதல் வேலை இரத்தத்தில் சீனி பார்ப்பது. ஏனென்றால் சீனி வருத்தம் (நீரிழிவு) முரசையும் கெடுக்கும், விறைப்பையும் கெடுக்கும், பல வருடம் வேறு அறிகுறி காட்டாமலும் இருக்கும்.

தொடர்பு எப்படி வருகிறது என்று விளங்கினால் என்ன செய்வதென்பதும் விளங்கும். விறைப்பு என்பது அடிப்படையில் இரத்தோட்டம். ஆசை வந்தவுடன் நரம்பு வழியாகச் சைகை போகிறது. ஆண்குறிக்குள் இருக்கும் நரம்பு நுனிகளும் இரத்தக் குழாய்களின் உட்படலமும் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை மிகச் சிறிய அளவில் விடுகின்றன. அதனால் குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, இரத்தம் உள்ளே பாய்கிறது, பஞ்சு போன்ற திசு நிரம்பி வெளியேறும் நாளங்களை நசுக்குகிறது. உள்ளே வந்த இரத்தம் அங்கேயே நிற்பதுதான் விறைப்பு. இரத்தக் குழாய்களில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998 இல் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கடையில் இரகசியமாகக் கேட்டு வாங்கும் சில்டெனாபில் (வயாகரா) குளிசையும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. நைட்ரிக் ஒக்சைட் தொடக்கிவிட்ட வேலை சீக்கிரம் அணையாமல் அது பார்த்துக்கொள்ளும். தொடக்கமே இல்லாவிட்டால் குளிசைக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை. உட்படலம் மோசமாகப் பழுதான சிலருக்கு அது பலன் தராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது முரசுக்கு வருவோம். பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தில் கிருமிப் படை படிகிறது. துடைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள கல்சியம் அதில் இறங்கிக் காரையாக இறுகுகிறது. (கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் காரை பிடிக்கிறது என்பது ஊர்ப் பேச்சு. காரைக்கான கல்சியம் உமிழ்நீரிலிருந்தே வருகிறது.) காரையின் மேல் புதிய படை, அதன் கீழ் அழற்சி, முரசு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிறது, பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பையின் உட்புறம் முழுக்கத் திறந்த புண். எல்லாப் பல்லையும் சுற்றியுள்ள புண்ணைக் கூட்டிப் பார்த்தால் கடும் நோயில் பல சதுர சென்ரிமீற்றர் வரும். கையில் அத்தனை பெரிய புண் இருந்தால் மருந்து கட்டாமல் விடமாட்டோம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்காகச் சுமக்கிறோம்.

சாப்பிடும்போதும் பல் தீட்டும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு அதற்கு எதிராக ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது, சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு உயர்ந்திருப்பது அதன் அடையாளம். இந்த ஓயாத அழற்சி இரத்தக் குழாயின் உட்படலத்தைத் தொந்தரவு செய்து நைட்ரிக் ஒக்சைட்டைக் குறைக்கிறது. வாயில் தொடங்கிய பிரச்சினை இடுப்புக்குக் கீழே தெரிவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது.

எவ்வளவு நம்பலாம்? தாய்வானில் தேசியக் காப்புறுதிப் பதிவுகளை வைத்து 2012 இல் வெளியான ஆய்வு, விறைப்புக் குறைவு உள்ளவர்களிடம் முரசு நோய் முன்பே பதிவாகியிருப்பது கூடுதல் என்று காட்டியது. துருக்கியில் 2013 இல், இரண்டு நோயும் உள்ள 120 பேரில் பாதிப்பேருக்கு முரசுச் சிகிச்சை செய்து மற்றப் பாதிப்பேரை விட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் விறைப்புப் புள்ளி உயர்ந்தது. சின்ன ஆய்வு, அதுவும் நோயாளி தானே நிரப்பும் கேள்வித்தாள். தனக்குச் சிகிச்சை நடந்தது என்று தெரிந்த மனிதன் கொஞ்சம் தாராளமாகவே புள்ளி போடுவான். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2007 இல் வந்த வேறொரு ஆய்வு. அதில் ஆண்மையைப் பார்க்கவில்லை, கையிலுள்ள இரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். கடும் முரசு நோயுள்ள 120 பேர். ஆழமாகக் கிளீன் பண்ணிய மறுநாள் குழாயின் விரிவு குறைந்தது, இரண்டு மாதத்தில் கூடியது, ஆறு மாதத்தில் இன்னும் நன்றாக இருந்தது. கிளீன் பண்ணிய வாரத்திலேயே மாற்றத்தைத் தேடுவது வீண் என்பதும் இதில் அடங்கும்.

ஊரில் இன்னொரு வாதம் உண்டு: அப்பு சாகும்வரை பிறஷைத் தொடவில்லை, 32 பல்லும் இருந்தது. அதற்கும் நமது இலங்கையிலேயே பதில் இருக்கிறது. பல் தீட்டும் பழக்கமே இல்லாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாள ஆண்களை 1970 முதல் 1985 வரை நோர்வே நாட்டு ஆய்வாளர் குழு பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் படையும் காரையும் இருந்தது. ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக எலும்பைத் தின்றது, 81 சதவீதத்தினருக்கு நடுத்தரம், 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் போகவில்லை. அப்பு அந்த 11க்குள் இருந்திருப்பார். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் முரசு இரத்தம் வடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பரிசோதனைகளில் முதலாவது வெறும் வயிற்றுச் சீனி: டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், இன்னொரு நாள் திரும்பப் பார்த்தும் அப்படியே இருந்தால், நீரிழிவு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்ய முடிந்தால் 6.5 சதவீதம்தான் எல்லை. அடுத்தது பிறஷர், அதற்கு எல்லை 140க்கு 90. பிறகு கொழுப்பு. சீனியும் பிறஷரும் அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். விறைப்புக் குறைவை இருதயத்தின் முன்னறிவிப்பாக எடுப்பதற்கும் காரணம் உண்டு. ஆண்குறிக்குப் போகும் நாடி 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடி 3 முதல் 4 மில்லிமீற்றர். ஒரே அளவு அழுக்கு படிந்தாலும் சின்னக் குழாய் முந்தி அடைபடும். நெஞ்சு நோவுக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே விறைப்புக் குறையத் தொடங்குவது இதனால்தான். குளக்கட்டில் ஏறும்போது, நெல் மூட்டை தூக்கும்போது நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ உளைந்தால் பல் வைத்தியர் பிறகு, முதலில் ஈ.சி.ஜி. (கீழ்த்தாடை உளைவை இருதயத்துடையது என்று அறியாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு போனவர்களும் உண்டு.)

சீனி இருப்பது தெரிந்தால் முரசுச் சிகிச்சைக்கு இரட்டைப் பெறுமதி. சீனி ஏறினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி இறங்க மறுக்கும். முரசைச் சரியாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 அளவு குறைகிறது. இன்னொரு குளிசை சேர்த்தால் வரும் பலனுக்கு அது அதிகம் பின்னால் இல்லை. இன்னொரு அடையாளம்: பொய்ப்பல் தட்டுக்குக் கீழே சிவந்த எரிவு, நாக்கில் துடைத்தால் வரும் வெள்ளைப் படலம், அதே காலத்தில் ஆண்குறியின் முன்தோல் சிவந்து கடித்து வெடிப்பது. இரண்டும் ஒரே பூஞ்சணத்தின் வேலையாக இருக்கலாம், இரண்டுக்கும் பின்னால் கட்டுப்படாத சீனி இருப்பது வழக்கம். களிம்பு மட்டும் பூசிக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்ப வரும்.

வாய்க்கு என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அரைகுறையாக முடிவது இங்கேதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கும் போகலாம். சின்ன ஆஸ்பத்திரிகளின் பல் பகுதியில் வரிசையில் நிற்பவர் அநேகமாகப் பிடுங்க வந்தவர். ஆகவே துண்டு எடுக்கும்போதே "பிடுங்க வரவில்லை, முரசு பார்க்கவேணும், காரை எடுக்கவேணும்" என்று சொல்லுங்கள். நல்ல பரிசோதனையில் மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 வரை சரி. 4, 5 என்றால் பை உண்டு. வேர்ப்புறம் வரை சுரண்டவேண்டும். அதைச் செய்தும் 6க்கு மேல் நின்றால் விசேட நிபுணரிடம் அனுப்பலாம், சிலருக்கு முரசைத் திறந்து கிளீன் பண்ண வேண்டிவரும். மேலே தெரியும் காரையை மட்டும் பத்து நிமிடத்தில் தட்டி எடுத்துவிட்டு அனுப்பினால் பல் வெள்ளையாகும். பையிலுள்ள நோய் அப்படியே கிடக்கும். ஆழமான வேலைக்கு மரத்துப்போக ஊசி போட்டு, வாயை இரண்டு அல்லது நான்கு பகுதியாகப் பிரித்துச் செய்வது வழக்கம். முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆழத்தைத் திரும்ப அளக்கவேண்டும். பிறகு முதல் வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

கிளீன் பண்ணியபின் பல் ஆடுகிறது, இடைவெளி விழுந்துவிட்டது, குளிர்த்தண்ணீர் கூசுகிறது என்று பலர் இரண்டாம் தடவைக்குப் போவதில்லை. அந்த இடைவெளி ஏற்கெனவே இருந்தது, காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வற்றியதும் முரசு சுருங்கும், வேர் கொஞ்சம் வெளியே தெரியும், கூச்சம் சில வாரத்தில் தணியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் குடிப்பவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. இருதய வால்வு மாற்றியவரும் சொல்லவேண்டும். சீனிக் குளிசை குடிப்பவர் காலைச் சாப்பாட்டையும் மருந்தையும் வழமை போல எடுத்துவிட்டே போகவேண்டும். பட்டினியோடு கதிரையில் சாய்ந்து மயங்குவது வீண் தொல்லை.

பார்மசியில் கிருமிகொல்லி மருந்துகளான அமொக்சிசிலினும் மெற்றோனிடசோலும் வாங்கி ஐந்து நாள் விழுங்குவதால் வீக்கம் வற்றும், பிறகு திரும்பும். காரை இருக்கும்வரை மருந்து கிருமிப் படைக்குள் போய்ச் சேராது. மெற்றோனிடசோல் எடுக்கும்போது சாராயம் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில்: மென்மையான பிறஷ், புளோரைட் உள்ள பேஸ்ட், காலையும் படுக்கப் போகுமுன்னும் இரண்டு நிமிடம். இராத்திரித் தீட்டலைத்தான் விடக்கூடாது. பிறஷின் மயிர் பாதி பல்லிலும் பாதி முரசோரத்திலும் படும்படி 45 பாகை சரித்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு இரண்டு பல்லாக நகரவேண்டும். கீழ் முன்பற்களின் உட்புறம் காரை அதிகம் படியும் இடம். பிறஷை நிமிர்த்திப் பிடித்து நுனியால் தேயுங்கள். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தவிர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வீக்கத்தால் இரத்தம் வருகிறது, படையால் வீக்கம் வருகிறது. காரை எடுத்தபின் மென்மையாக விடாமல் தீட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தம் குறையும். பல்லிடுக்குக்குப் பிறஷ் போகாது. அதற்குப் பல் நூல், இடைவெளி பெரிதானால் இடுக்குப் பிறஷ். ஈர்க்கால் குத்துவது முரசைக் கிழிக்கும். வேப்பங்குச்சி வெளிப்பக்கத்துக்குச் சரி, உட்பக்கத்தைத் தொடுவதில்லை. உமிக்கரியும் செங்கல்தூளும் பல்லைத் தேய்ப்பவை. வவுனியாப் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள் சிலருக்குப் பல்லில் இருக்கும் மண்ணிற, வெள்ளைத் திட்டு புளோரைட் கூடியதால் வந்தது. அது அழுக்கும் அல்ல, முரசு நோயும் அல்ல, எத்தனை தேய்த்தாலும் போகாது.

வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. 0.2 வீதக் குளோர்ஹெக்சிடின், 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரு தடவை, இரண்டு வாரம் வரை: கிளீன் பண்ணிய பின் இது நல்லது. பேஸ்ட்டுக்கும் இதற்கும் அரைமணி நேர இடைவெளி வேண்டும், தேத்தண்ணி குடித்தால் பல்லில் கறை பிடிக்கும். மாதக்கணக்காக விடாமல் கொப்பளிப்பது வேறு கதை. நாக்கின் பின்பகுதியில் வாழும் நல்ல கிருமிகள், கீரையிலும் பீற்றூட்டிலும் இருக்கும் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஒக்சைட் ஆகிறது. விறைப்புக்கு வேண்டிய அதே வாயு. கொப்பளிப்பு மருந்து அந்தக் கிருமிகளையும் கொல்லும். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்ததிலேயே பிறஷர் இலேசாக ஏறியது. வாய் மணத்தை மறைக்க நாள் முழுக்கக் கொப்பளிப்பவர் எதிர்த்திசையில் நடக்கிறார்.

வெற்றிலையை விட்டுவிட்டு எழுதமுடியாது. செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் தட்டம் வரத்தான் செய்யும். வயலில் பசி தெரியாமல் இருக்கப் போடுபவர்களும் உண்டு. பாக்கு நார் இடுக்கில் குத்தும், சுண்ணாம்பு முரசை எரிக்கும், கறை காரையை மறைக்கும். புகையிலை சேர்ந்தால் நிக்கொட்டின் இரத்தக் குழாயை நேரடியாகச் சுருக்கும். சிகரெட், பீடி, சுருட்டு பிடிப்பவருக்கு இன்னொரு மோசடி: முரசிலிருந்து இரத்தம் குறைவாகவே வரும். நோய் இல்லாததால் அல்ல, குழாய் சுருங்கியதால். விட்டபின் கொஞ்சக் காலம் இரத்தம் கூடினால் பயப்படவேண்டாம். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004 இல் வெளியான அறிக்கையில் சொன்னது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாமல் இறுகியிருந்தால், இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், விறைப்பைப் பற்றி யோசிக்குமுன் அதைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் முரசின் தலையில் போடவும் கூடாது. விடியற்காலையில் எழும்பும்போது நல்ல விறைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி. கடன், நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, குடி என்று வேறு பக்கம் தேடவேண்டும். வாய் மணத்தால் மனைவி முகத்தைத் திருப்புவதும் அது மனத்தில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேரும். 2009 வரையான போரில் முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ காயம்பட்டவருக்கு நரம்பே காரணமாக இருக்கலாம். உடம்பில் எங்காவது சன்னம் கிடந்தால் அதையும் சொல்லுங்கள். மனநலக் கிளினிக்கில் தரும் புளுவொக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவையும் சில பிறஷர் குளிசைகளும் பாலுறவைப் பாதிக்கும். மாற்று மருந்து உண்டு, ஆகவே நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். விந்தணுவும் முரசும் பற்றி வந்த ஆய்வுகள் சொற்பம், அதை நம்பி ஒரு முடிவுக்கும் வரவேண்டாம்.

வாயால் தொற்றுவதும் உண்டு. உதட்டுக் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு வைத்தால் அதே வைரசு கீழே கொப்புளமாக வரும். பாலுறவால் தொற்றும் சிபிலிஸ், கொணோரியா, எச்.பி.வி. வைரசு மூன்றும் வாய்க்கும் தொண்டைக்கும் போகும். முரசு இரத்தம் கசியும் நாட்களில் தவிர்ப்பது நல்லது, அல்லது ஆணுறை.

சில்டெனாபிலை வைத்தியர் எழுதித் தந்தால் எடுங்கள். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜி.ரி.என்., ஐசோசோர்பைட் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. பிறஷர் திடீரென விழுந்து உயிர் போகலாம். "மூலிகை" என்று விற்கும் ஆண்மை லேகியங்களும் பொடிகளும் பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம், பல நாடுகளில் அவற்றைச் சோதித்தபோது உள்ளே சில்டெனாபிலே கலந்திருந்தது. எதை எடுத்தாலும் விறைப்பு நான்கு மணித்தியாலம் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக, வைத்தியரிடம் சொல்வது எப்படி. வன்னி ஆஸ்பத்திரிகளில் வைத்தியர் சிங்களம் பேசுபவராகவும், இடையில் மொழிபெயர்ப்பவர் உங்கள் ஊர்க்காரராகவும் இருந்துவிட்டால் வாய் திறக்காது. முன்கூட்டியே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைக் கொண்டு எழுதுவிக்கலாம்: வயது, எத்தனை மாதமாக விறைப்புக் குறைவு, விடியற்காலையில் வருகிறதா இல்லையா, குடிக்கும் மருந்துகளின் பெயர், வெற்றிலை, புகையிலை, சாராயம் எவ்வளவு, வேலை செய்யும்போது நெஞ்சு இறுகுமா, பழைய காயம் ஏதும் உண்டா, முரசில் இரத்தம், ஆடும் பல் எத்தனை.